பால்குடி மறக்கும் பருவம்



வெயில் ஏறத் தொடங்கினால் பூனைகள் குட்டி போடும் காலம். விசைத்தறிக் கூடத்து நூல் மூட்டைகளுக்கு நடுவிலும், பழைய வீட்டு அட்டாலியிலும் தாயில்லாமல் கிடக்கும் குட்டிகளை எடுத்து, கொஞ்ச நாள் வளர்த்துக் கொடுக்க நம் பக்கத்தில் பலர் முன்வருகிறார்கள். அவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பால்தானுங்க ஊத்தறோம், அப்புறமும் ஏன் வயித்தால போகுது?"

பசும்பாலால்தான் போகிறது. அதிலுள்ள லாக்டோஸ் குட்டிக்குச் சரியாகச் செரிக்காது. புரதமும் தாய்ப்பூனையின் பாலில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். கழிச்சல் கண்ட குட்டி ஒரே நாளில் துவண்டுவிடும். பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடரைக் கரைத்துக் கொடுங்கள்.

பால் சோறும் தயிர்ச் சோறும் நாம் ஆசையாக வைப்பவை. ஆனால் பூனை இறைச்சி தின்னும் உயிர். டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் அதற்குக் கிடைக்கும். அது குறைந்தால் இதயத் தசை தளர்ந்துபோகும் என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆய்வாளர் பால் பியானின் குழுவினர் 1987-ல் காட்டினார்கள். பல்லடத்துக் கோழியும் நாமக்கல் முட்டையும் ஊர் ஊராகப் போகிற சீமையில், ஒரு குட்டி பால் சோற்றில் வாடுவதை என்னால் தாங்க முடிவதில்லை.

நான்காம் வாரத்தில் பால்பல் முளைத்து, குட்டி பாட்டில் காம்பைக் கடிக்கும். பால்குடியை மறக்கவைக்க அதுதான் நேரம். கிட்டன் என்று அச்சிட்ட ஈர உணவைக் கரைத்த பாலில் கூழாகக் குழைத்து, வெதுவெதுப்பாக, விளிம்பில்லாத வட்டலில் வையுங்கள். விரல் நுனியில் தொட்டு உதட்டில் தடவுங்கள். வாய்க்குள் திணிக்க வேண்டாம். முன்னங்கால் இரண்டையும் கூழுக்குள் வைக்கும், மூக்கில் ஏறித் தும்மும், பிறகு பாதத்தை நக்கும். அந்த நக்கலில்தான் ருசி பிடிபடுகிறது. முடிந்ததும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, ஈரம் போக உலர்த்துங்கள். குளிர்ந்துபோனால் குட்டி தாங்காது.

அவசரத்துக்கு உப்பில்லாமல் வேகவைத்த கோழியை அரைத்துக் கொடுக்கலாம். வெந்த தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், டாரின் அதில் இறங்கியிருக்கும். சின்ன வெங்காயமும் பூண்டும் அறவே கூடாது. வெறும் கறியையே தொடர்ந்தால் சுண்ணாம்புச் சத்தில்லாமல் எலும்பு வலுவிழக்கும்.

சமையலறைத் தராசில் தினம் எடை பாருங்கள். நாளுக்கு 10 கிராம் போல ஏற வேண்டும். ஏறாவிட்டால் பாட்டிலுக்கே திரும்புங்கள். சோர்ந்து படுத்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். ஒரு குட்டி ஐந்தாம் வாரத்தில் தானாகத் தின்னும், கூடப்பிறந்தது இன்னும் பத்து நாள் பாட்டிலைத் தேடும். இரண்டும் சரிதான்.

எட்டு வாரம் ஆகும்வரை கூடப்பிறந்தவற்றைப் பிரிக்காதீர்கள். தத்துக் கொடுக்கும்போது, குட்டி தின்று பழகிய அதே உணவை ஒரு வாரத்துக்கு வருகிற மாதிரி சேர்த்துக் கட்டிக் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்