ஆவி வரும் என்று காத்திருக்க முடியாது

சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவுதான் இன்று மிச்சம். டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டுடியோ நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) என்று ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் ஆக்கியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அதே ஜெய்சங்கர் ஐம்பது வயதில், வேலு பிரபாகரனின் 'நாளைய மனிதன்' (1989) படத்தில், செத்தவனுக்கு உயிர் கொடுக்கும் விஞ்ஞானியாக வந்தார்.

இப்படிப்பட்ட திகில் படங்களைத் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து ரசித்தவர்கள்தான் நாங்கள். பழைய நாயகர்களுக்கு வேலை கொடுத்த படங்கள் அவை. கேலி செய்ய மாட்டோம்.

ஆனால் ஒரு காட்சி உறுத்துகிறது. சுடுகாடு, புகை, ஆந்தை அலறல். கிழிந்த கம்பளியோடு ஒரு வெட்டியான் திடீரென்று சிரிப்பான். கொட்டகை நடுங்கும். எங்கள் பாட்டன்மார் செய்த வேலை அது. குழி வெட்டினார்கள், பிணம் எரித்தார்கள், கூலிக்கு வாசலுக்கு வெளியே நின்றார்கள். சுடுகாட்டைக் கண்டு எங்களுக்குப் பயமில்லை. எங்கள் வீட்டுச் சாவைத் தூக்கிக்கொண்டு ஊர்த்தெரு வழியாகப் போவதற்குத்தான் இன்றும் பல ஊர்களில் பயப்பட வேண்டியிருக்கிறது. அந்தப் பயத்தை எந்தத் திகில் படமும் எடுக்கவில்லை.

இன்னொன்று. இந்தப் படங்களில் கொல்லப்பட்டவர் ஆவியாக வந்து பழி தீர்ப்பார். போலீசும் கோர்ட்டும் தேவைப்படாது. நம் மண்ணில் நடந்தது வேறு. 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குப் போன ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜ், பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். தற்கொலை என்று காட்டப் பார்த்தார்கள். சாட்சிகள் பிறழ்ந்தார்கள். ஆவி எதுவும் வரவில்லை. அவருடைய தாய்தான் விடாமல் நின்றார். வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது. கோயில் கேமராப் பதிவு சாட்சி சொன்னது. 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனை வந்தது. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

ஏழு வருடம் ஒரு தாய் கோர்ட் படியேறியதைவிடத் திகிலான கதை இந்தச் சமவெளியில் எது?

அடுத்த பேய்ப்படம் எடுப்பவர்களிடம் ஒன்று கேட்கிறோம். அந்த வெட்டியானுக்கு ஒரு பெயர் வையுங்கள். அவருக்கு என்ன கூலி என்று ஒரு வசனத்திலாவது கேளுங்கள். அவர் செத்தால் எந்தப் பாதையில் தூக்கிப் போவார்கள் என்று காட்டுங்கள். முதல் ஆட்டத்துக்கே நாங்கள் வருகிறோம்.