ஒரகடத்தில் மகிழுந்துக்கு ஓடுதளம் உண்டு; அரசுப் பள்ளிக்கு?

ஒரகடத்தில் ஏறத்தாழ 300 ஏக்கர் பரப்பில் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இயங்கி வருகிறது. ஒன்றிய அரசின் பணத்தில் உருவான இம்மையத்தில் வாகனங்களின் வேகம், பிரேக், அதிர்வு, இரைச்சல் ஆகியவற்றைச் சோதிப்பதற்கென ஓடுதளங்கள் உள்ளன. ஒரு மகிழுந்து விற்பனைக்கு வருமுன் அது எத்தகைய தரையில் எப்படி ஓடும் என்பதை அறிந்தாக வேண்டும். அதற்கு இத்தனை ஏக்கர் தேவை என்பதை அரசு ஏற்றுக்கொண்டது. அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால், அதே ஒரகடத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 200 மீட்டர் ஓடுபாதையேனும் முறையாக அமைந்தவை எத்தனை? மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காத திடல் எத்தனை பள்ளிகளில் உண்டு? அவற்றுள் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் எத்தனை? இத்தொழிற்பகுதியின் வளர்ச்சி யாருக்கானது என்பதை அளக்க இக்கேள்விகளைவிட எளிய அளவுகோல் வேறில்லை.

நிலம் போன வழி

1996இல் இருங்காட்டுக்கோட்டையை நோக்கி ஹூண்டாய் வந்தது முதல், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என சிப்காட் வளாகங்கள் விரிந்துகொண்டே இருக்கின்றன. ஒருங்கிணைந்த காஞ்சிபுரம் மாவட்டத்தின் மக்கள் தொகையில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 24 சதவீதம் என்கிறது 2011 கணக்கெடுப்பு. மாநில அளவில் இது 20 சதவீதமே. ஸ்ரீபெரும்புதூர் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி. எனவே, இங்கே எந்தப் பொதுத் திட்டத்தைப் பற்றிப் பேசினாலும் அது தலித் மக்களின் பங்கைப் பற்றிய பேச்சாகவே இருக்க முடியும்.

இப்பகுதி ஏரிகள் நிறைந்த சமவெளி. சேரிப் பிள்ளைகளுக்கு மேய்க்கால் புறம்போக்கும், கோடையில் வறண்டு கிடக்கும் ஏரித்தரையுமே விளையாட்டுத் திடல்கள். பட்டா நிலத்தை இழந்தவருக்கு இழப்பீடு உண்டு. புறம்போக்கில் ஓடி விளையாடிய பிள்ளைக்கு எந்த இழப்பீடும் இல்லை. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கைதான் 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வழிவகுத்தது. பொதுநிலத்தில் தலித் மக்களின் பங்கு எது என்ற கேள்வி எழுந்த அதே மண்ணில், 130 ஆண்டுகளுக்குப் பிறகும் அக்கேள்வி உயிரோடு இருக்கிறது. வெளியே திடல் சுருங்கியதால், பள்ளிச் சுற்றுச்சுவருக்குள் இருக்கும் திடலே நம் பிள்ளைகளுக்கு எஞ்சிய ஒரே திடலாகிவிட்டது. அதைச் சீரமைப்பதற்கான கோரிக்கையின் முழு எடையும் இங்கேதான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு விளையாட்டுத் திடல் இருக்க வேண்டும் என்று தன் அட்டவணையிலேயே குறிப்பிடுகிறது. எவ்வளவு பரப்பு என்று சொல்லவில்லை. எட்டாம் வகுப்புக்கு மேல் அச்சட்டம் எட்டவும் இல்லை. எனினும், ஹரியாணாவில் பள்ளித் திடல் ஆக்கிரமிப்பு தொடர்பான வழக்கில், திடல் இல்லாமல் ஒரு பள்ளி இருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் கூறியது. திடல் இல்லாத பள்ளிகளை மூடவும் அரசு தயங்கக் கூடாது என்னும் அளவுக்குக் கேரள உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் சென்றது.

இவற்றைவிட நமக்கு நெருக்கமானது அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு. அரசுப் பணத்தால் பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலை, பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதிலிருந்து சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது அது. பொதுச் சாலையும் பொதுக் கிணறும் அனைவருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். அன்று கிணறு எதுவோ, இன்று திடல் அது.

பணம் எங்கே இருக்கிறது?

'நிதி இல்லை' என்பதே வழக்கமான பதில். நிதி எங்கெல்லாம் இருக்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதைப் பார்ப்போம்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை விளையாட்டு மானியம் உண்டு. பந்து, வலை, ஈட்டி, குண்டு வாங்கலாம்; ஒரு திடலைச் சமப்படுத்த முடியாது. அத்திட்டத்தின் நிதியிலேயே தமிழ்நாட்டுக்கு உரிய 2,152 கோடி ரூபாயை, பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்ற காரணத்தால், ஒன்றிய அரசு 2024-25இல் நிறுத்தி வைத்தது. மாநில அரசு 2024இல் ஊராட்சிதோறும் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பை வழங்கத் தொடங்கியது. தொகுதிக்கு ஒன்றாக, தலா 3 கோடி ரூபாயில் சிறு விளையாட்டரங்கம் அமைப்பதாக அறிவித்தது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால், உபகரணம் இருந்து தரை இல்லையென்றால் அது அலமாரியிலேயே கிடக்கும். தொகுதியின் ஒரு மூலையில் அமையும் அரங்கத்திற்கு, மாலை ஐந்து மணிக்குக் கொள்கலன் லாரிகள் விரையும் சாலையைக் கடந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி எப்படிப் போவாள்? அரங்கம் பள்ளித் திடலுக்கு மாற்றாகாது.

அடுத்து, பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்றுமுதலோ இலாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கல்வி, கிராமப்புற விளையாட்டு இரண்டுமே அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ளன. மாரத்தான் போன்ற ஒருநாள் நிகழ்ச்சிகள் இக்கணக்கில் சேரா என்று 2014லேயே ஒன்றிய அரசு தெளிவுபடுத்தியது. இத்தனை நிறுவனங்கள் குவிந்துள்ள ஒரு வட்டாரத்தில், இந்நிதியில் பள்ளித் திடல்களுக்கு எவ்வளவு வந்தது என்று கேட்பது இரந்து கேட்பதாகாது. நிலமும் நீரும் உழைப்பும் தந்தவர்கள் சட்டப்படி கேட்கும் கணக்கு அது.

ஆனால், இந்நிதியை அதன் போக்கில் விட்டால் என்ன நடக்கும்? எந்தப் பள்ளி என்பதை நிறுவனம் தேர்ந்தெடுக்கும். நெடுஞ்சாலையிலிருந்து கண்ணில் படும் பள்ளிக்குப் பெயர்ப்பலகையோடு சுவர் வரும். சேரியின் உள்தெருவில் இருக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளி எவர் கண்ணிலும் படாது. 2022இல் தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இத்தகைய நிதியைத் திரட்டுவதற்கான அரசு ஏற்பாடு. நன்கொடையாளர் விருப்பத்திற்கு மேலாக, தேவை அடிப்படையிலான முன்னுரிமைப் பட்டியல் ஒன்று அதில் இருந்தாக வேண்டும். திட்டத்தின் பின்னால் பணம் வர வேண்டும். பணத்தின் பின்னால் திட்டம் ஓடக் கூடாது.

நம் பணத்தில் பிறர் அரங்கம்

மூன்றாவது ஊற்று பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்டம். இங்கே நமக்கு ஒரு கசப்பான முன்னனுபவம் உண்டு. 2010இல் டெல்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளுக்காக, தலித் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட துணைத் திட்ட நிதியிலிருந்து 700 கோடி ரூபாய்க்கும் மேல் திருப்பிவிடப்பட்டது தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் அம்பலமானது. நிதி திருப்பிவிடப்பட்டதை அன்றைய உள்துறை அமைச்சரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. சேரிக்கு வர வேண்டிய பணம் தலைநகரின் விளையாட்டு விழாவுக்குப் போனது.

தமிழ்நாட்டில் 2024இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஆதிதிராவிடர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிகளுக்காக 2023இல் ஐந்தாண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாயில் அயோத்திதாசப் பண்டிதர் திட்டம் அறிவிக்கப்பட்டது. இந்நிதிகளைப் பொறுத்தவரை நம் நிலைப்பாடு தெளிவானது: ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் திடல்களுக்கும் சேரிகளை ஒட்டிய திடல்களுக்கும் இவற்றைப் பயன்படுத்தலாம். பொதுப் பள்ளிகளின் திடலுக்குப் பொது நிதியே வர வேண்டும். 'அங்கேயும் தலித் மாணவர்கள் படிக்கிறார்கள்' என்று சொல்லித் துணைத் திட்டத்தில் கணக்கெழுதினால், அது காமன்வெல்த் கதையின் சிறு பதிப்பாகவே முடியும்.

திடல் என்றால் என்ன?

திட்டமிடலிலும் கவனம் தேவை. திடல் என்றவுடன் செயற்கை இழை ஓடுபாதையைக் கற்பனை செய்வது தவறு. 400 மீட்டர் முழு ஓடுபாதைக்கே ஏறத்தாழ 4 ஏக்கர் வேண்டும். 200 மீட்டர் பாதைக்கு ஒன்றரை ஏக்கர் போதும். கபடிக் களத்தின் அளவு ஆண்களுக்கு 13க்கு 10 மீட்டர். பெண்களுக்கு 12க்கு 8. கைப்பந்துக் களம் 18க்கு 9. அரை ஏக்கர் மட்டுமே உள்ள பள்ளியில்கூட இவை அடங்கும். பணிகளின் வரிசையே முக்கியம்: முதலில் நில அளவையும் ஆக்கிரமிப்பு அகற்றலும், பிறகு மண் நிரப்பிச் சமப்படுத்துதலும் வடிகாலும், அதன் பிறகு சுற்றுச்சுவர், குடிநீர், மாணவியருக்கான கழிப்பறை, உடை மாற்றும் அறை, கடைசியில்தான் களங்களும் விளக்கும். ஏரிகளின் நீர்வழிகள் கட்டடங்களால் அடைபட்ட இவ்வட்டாரத்தில் வடிகால் இல்லாத திடல் ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. கழிப்பறை இல்லாத திடலுக்கு மாணவியர் வரமாட்டார்கள். ஆண்டுப் பராமரிப்புக்கும் உடற்கல்வி ஆசிரியர் பணியிடத்திற்கும் பணம் எழுதப்படாத திட்டம், திறப்பு விழாவோடு முடிந்துவிடும். நிறுவன நிதியில் உருவாகும் நிரந்தரச் சொத்தைப் பொது அதிகார அமைப்பின் பெயரில் வைக்க 2021இல் திருத்தப்பட்ட விதிகள் இடமளிக்கின்றன. திடல்களைப் பொறுத்தவரை அதை மட்டுமே நாம் ஏற்க வேண்டும்.

சாவி யாரிடம்?

திடல் அமைந்தபின்னும் ஒரு கேள்வி எஞ்சும். மாலையில் கதவின் சாவி யாரிடம்? ஊர்த்தெரு அணி ஆடும் நேரத்தில் சேரி அணி வெளியே நிற்க வேண்டுமா? பல்வங்கர் பாலு புனேயில் ஆங்கிலேயரின் மன்றத்தில் ஆடுகளத்தை உருட்டிச் சமப்படுத்தும் பணியாளராக இருந்து, 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர். எனினும் இந்துக்கள் அணியின் தலைமைப் பொறுப்பு அவருக்குத் தரப்படவே இல்லை. களத்தைச் சமப்படுத்தும் கைகளுக்குக் களம் சமமாக இருந்ததில்லை. பொதுவெளியைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். எனவே பயன்பாட்டு நேர அட்டவணையைப் பள்ளி மேலாண்மைக் குழு எழுத்தில் நிறைவேற்றி வாயிலில் ஒட்ட வேண்டும்.

இவையெல்லாம் வெறும் விளையாட்டுக்காகவா? தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. கல்லூரிச் சேர்க்கையிலும் தனி ஒதுக்கீடு உண்டு. பள்ளியில் களமே காணாத மாணவிக்கு இக்கதவு பிறக்கும்போதே மூடப்பட்டுவிடுகிறது. சென்னையிலிருந்து பெயர்த்தெறியப்பட்ட மக்கள் வாழும் கண்ணகி நகரிலிருந்து சென்ற கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் இருந்தார். திறமை எங்கும் இருக்கிறது. தரை எங்கும் இல்லை. பதினெட்டு வயதில் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுவது ஒன்றே நம் பெண்களுக்கு இவ்வட்டாரம் தரும் வழியாக இருக்கக் கூடாது.

மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் உடனே தொடங்கக்கூடிய பணிகள் உண்டு. தம் ஊர்ப் பள்ளி நிலத்தின் 'அ' பதிவேட்டையும் புலப்பட நகலையும் பெற்றுத் திடலின் உண்மையான பரப்பை அளக்கலாம். அருகிலுள்ள நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவு எந்த மாவட்டத்திற்குப் போனது என்பதைக் கேட்டுத் தொகுக்கலாம். துணைத் திட்டத்தில் விளையாட்டுக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். இம்மூன்று தாள்களோடு மேலாண்மைக் குழுக் கூட்டத்திற்கும் கிராம சபைக்கும் செல்லும்போது, 'நிதி இல்லை' என்ற பதிலுக்கு இடமிருக்காது. மகிழுந்துக்குத் தேவையான தரையை அளந்து கொடுத்த அரசு, நம் பிள்ளைகளுக்கான தரையையும் அளந்து தரட்டும்.