ஆளைக் காட்டும் பறவை

மீனைக் கொத்துவது மீன்கொத்தி; மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி. இப்பெயர்களைப் பிரித்துப் பொருள்கொள்ளச் சிறு பிள்ளைகளும் அறிவர். ஆயின், வல்லை வெளியிலும் வயலோரங்களிலும் நம்மைக் கண்டதும் கிறீச்சிட்டு வட்டமிடும் ஆக்காட்டியின் பெயர்ப்பொருளைக் கேட்டால், மாணவர் பலர் விழிக்கின்றனர். பேச்சு வழக்கு அப்பெயரின் முதற் சொல்லை மறைத்துவிட்டதே காரணம்.

ஆட்காட்டி என்பதே அதன் செவ்விய வடிவம். நாட்காட்டி, முட்செடி என்பவற்றிற் போல, வல்லெழுத்து வர, 'ஆள்' என்பதன் ஈற்று ளகரம் டகரமாயிற்று. ஆளைக் காட்டுவது ஆட்காட்டி. வெறுந்தரையிலே, சிறு கற்களிடையே, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இட்டு அடைகாக்கும் பறவை இது. மறைப்பொன்றும் இல்லாமையால் கூக்குரலே அதற்கு வேலி. ஆள் வருவது தொலைவிலே தெரிந்ததும் எழுந்து அலறும்.

பிறமொழியாளர் சிலர் அவ்வொலியையே பெயராக்கினர். வடமொழியில் டிட்டிபம், ஜெர்மானியர் தம் நாட்டு ஆட்காட்டியைக் கீபிட்ஸ் என்பர். ஆங்கிலேயரின் 'லாப்விங்' நம்முடையதைப் போலக் கூட்டுப்பெயரே. ஆனால் அதிலுள்ள 'விங்' சிறகன்று! துள்ளுதல், தள்ளாடி அசைதல் என்னும் பொருளுடைய இரு பழஞ்சொற்கள் கூடியது அது. பழஞ்சொல் மறந்துபோகவே, மக்கள் அதிற் சிறகைக் கண்டனர். ஆக்காட்டியில் ஆளைக் காணாத நாம் அவர்களைப் பார்த்து நகைப்பதற்கில்லை.

தமிழர் ஒலியை விடுத்துச் செயலைப் பெயராக்கினர். இக்கருத்து மிகப் பழையது. குறுந்தொகை 350ஆம் பாட்டில், வழியருகே இருக்கும் நெடிய காலையுடைய கணந்துள் என்னும் பறவை, ஆளை அறிவித்து வழிச்செல்வோரை எச்சரிப்பதை ஆலந்தூர் கிழார் பாடுகின்றார். கணந்துள் எப்பறவை என்பதில் அறிஞர் ஒருமனப்படவில்லை. ஆட்காட்டியே என்பாரும் உளர். எதுவாயினும், ஆளை அறிவிக்கும் தொழில் அங்கேயே சொல்லப்பட்டுவிட்டது.

பிற்காலத்தில் இப்பெயருக்கு ஒரு களங்கம் நேர்ந்தது. ஈழத்திலே காட்டிக்கொடுப்பவனையும் ஆட்காட்டி என்பர். போரைக் கண்ட தலைமுறை அச்சொல்லின் கசப்பை அறியும். வேட்டைக்காரனுக்கு இப்பறவை பகையென்பது மெய்யே. ஆயினும் பழம்பாட்டின் வழிப்போக்கருக்கு அக்குரல் காவலன்றோ? கூலிக்கு மனிதரைக் காட்டிக்கொடுப்பவனுக்கு, முட்டையைக் காக்க அலறும் தாயின் பெயரைச் சூட்டியது எனக்கு உடன்பாடன்று. சுட்டுவிரலை ஆட்காட்டி விரல் என்பதிலே குற்றமில்லை.

மாணவர் சிலர் கட்டுரையில் 'லாப்விங்' என்றே எழுதிவிடுகின்றனர். ஆட்காட்டி என எழுதுக. பேச்சில் ஆக்காட்டி என்றாலும் பிழையில்லை.