வாங்காத கடனுக்கு வாய்தாவா?

கடன் பட்டவன் கலங்குவது உலக வழக்கம். படாதவனும் கலங்குகிறான் என்றால் அதை வழக்கம் என்று சொல்ல முடியாது. வன்முறை என்றே சொல்ல வேண்டும். அந்த வன்முறை இன்று கத்தியோடு வருவதில்லை, கைப்பேசியில் வருகிறது. "ஐயா" என்று தொடங்கி, "உங்கள் மானம் போய்விடும்" என்று முடிகிறது.

கோபாலபுரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஓய்வூதியத்தில் வாழும் அம்மையார் ஒருவர். மாதம் பிறந்ததும் பால்காரர் கணக்கை முதலில் முடிப்பவர். ஒரு நாள் அவரிடம் ஒரு குரல் பேசுகிறது: "நாற்பதாயிரம் நிலுவை. மாலைக்குள் கட்டாவிட்டால் வீட்டுக்கு ஆள் வரும்." எவரிடமும் கைநீட்டியதில்லை என்று அவர் சொல்லிப் பார்க்கிறார். குரல் கேட்பதாக இல்லை. மறுநாள் இருவர் வாயிலில் நின்று, அக்கம்பக்கத்தார் காதில் விழும்படி உரக்கப் பேசுகின்றனர். மூன்றாம் நாள் அம்மையார் எண்ணுகிறார்: "தொல்லை ஒழியட்டும், ஐயாயிரம் கொடுத்துவிட்டால் என்ன?"

அந்த எண்ணம் எழவேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை கூச்சலும்! கடன் என்ற சொல்லைக் கேட்டாலே கூசுகின்ற குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அந்தக் கூச்சத்தையே முதலாகப் போட்டு நடத்தப்படும் வணிகம் இது. மானமுள்ளவனிடத்தில்தான் அது விலை போகும்; மானமற்றவனிடம் அதற்கு வேலையே இல்லை.

லாயிட்ஸ் சாலை அவ்வை சண்முகம் சாலையாயிற்று. அந்தப் பெயர் மாற்றத்தில் தமிழுக்குப் பெருமை உண்டு. தண்டல்காரர் ‘வசூல் முகவர்’ ஆனார். அந்தப் பெயர் மாற்றத்தில் யாருக்கு என்ன நன்மை?

வாங்காதவர் தலையில் கடன் எப்படி ஏறுகிறது? ஒருவர் விட்டுவிட்ட கைப்பேசி எண் மற்றொருவருக்கு வருகிறது. எண்ணோடு அவருடைய கடன்காரர்களும் வருகின்றனர். பெயரொற்றுமையால் சிலர் சிக்குகின்றனர். அடையாள அட்டையின் படியைத் திருடி, பிறர் பெயரில் கடன் பெறும் எத்தர்கள் உண்டு. நண்பன் கடன் வாங்கும்போது ‘தெரிந்தவர்’ என்று எண்ணைக் குறித்துவிட்டால், அந்தத் தெரிந்தவரே கடனாளியாகிவிடுகிறார். கட்டி முடித்த கடன் ஏட்டில் முடிக்கப்படாமல், ஆண்டுகள் கழித்து ஆவியாய் எழுந்து வருவதும் உண்டு.

2021ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவுக் காவலர்கள், பெங்களூரில் இயங்கிய கைப்பேசிக் கடன் கும்பலைச் சேர்ந்த சிலரைக் கைது செய்தனர். அவர்களுள் இருவர் சீன நாட்டவர். இத்தகைய செயலிகள் கடன் வாங்கியவரின் கைப்பேசியிலுள்ள எண்களையெல்லாம் உருவிக்கொண்டு, உற்றார் உறவினரை எல்லாம் இழிசொல்லால் துளைத்தன. வாங்கியவர் ஒருவர், வசைபெற்றவர் நூறு பேர்!

"தந்தை பட்ட கடன் மைந்தன் தலையில்தானே?" என்று கேட்பார் உண்டு. அந்தக் காலம் மலையேறிவிட்டது. மகன் என்ற ஒரே காரணத்துக்காகத் தந்தையின் கடனைச் சுமத்தும் பழைய இந்துச் சட்டக் கோட்பாட்டை, 2005ஆம் ஆண்டின் வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அதற்குப் பிற்பட்ட கடன்களைப் பொறுத்தவரை நீக்கிவிட்டது. தந்தை விட்டுச்சென்ற சொத்திலிருந்து கேட்கலாம். மகனுடைய உழைப்பின் ஊதியத்தில் கைவைக்க முடியாது.

கட்டித் தீர்த்த கடன் கடனாகாது என்பதும் இம்மண்ணுக்குப் புதிதன்று. 1938ஆம் ஆண்டின் சென்னை வேளாண்குடியினர் கடன் நிவாரணச் சட்டம், வாங்கிய தொகையின் இரு மடங்கைச் செலுத்திவிட்ட உழவனின் கடன் தீர்ந்ததாகவே கொள்ளப்படும் என்றது. 2003ஆம் ஆண்டில் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடைசெய்து தனிச்சட்டம் வந்தது. ஆயினும் 2017 அக்டோபரில், நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கூலித்தொழிலாளியின் குடும்பம் ஒன்று, பச்சிளங் குழந்தைகள் இருவரோடு தீக்கிரையான கொடுமையைக் கண்டோம். வாங்கியதைவிட மிகுதியாகக் கட்டிய பின்னும் கேட்கிறார்கள் என்பதே அவர்களுடைய முறையீடு. ஏட்டிலே சட்டம் இருந்தது. அதை ஏழையின் வாயிலுக்குக் கொண்டுசெல்லும் கை எங்கே இருந்தது?

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. வசூலுக்குக் குண்டர்களை ஏவக்கூடாது என்று 2007ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் வங்கிகளைக் கண்டித்தது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொல்லைப்படுத்தக்கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி பணித்தது. வற்புறுத்தி வசூலிப்பதைக் குற்றமாக்கும் சட்டமொன்றைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025ஆம் ஆண்டில் நிறைவேற்றியது.

ஆனால், இவை பெரும்பாலும் ‘எப்படிக் கேட்கக்கூடாது’ என்று சொல்பவை. ‘கேட்க உரிமை உண்டா என்பதை முதலில் காட்டு’ என்று சொல்ல வேண்டாமா? அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டிலேயே அதற்குச் சட்டம் செய்தனர். கடனாளி என்று சொல்லப்படுபவர் 30 நாட்களுக்குள் எழுத்தில் மறுத்தால், வசூல் நிறுவனம் சான்றை அனுப்பும்வரை வசூலை நிறுத்தியாக வேண்டும். முதலாளித்துவ நாடு என்று நாம் சொல்கிற நாட்டிலேயே இந்த நெறி இருக்கிறது. நாடாளுமன்றம் இங்கும் இதைச் சட்டமாக்கட்டும். சான்று காட்டாதவரை அழைப்பும் கூடாது, ஆளும் வரக்கூடாது!

அதுவரை மக்கள் செய்ய வேண்டுவது என்ன? அஞ்சாமை முதலாவது. கடன் உண்டு என்பவனே அதை மெய்ப்பிக்க வேண்டும். இல்லை என்பவன் அன்று. பேசுபவர் பெயர், நிறுவனம், கடன் எண், ஒப்பந்தப் படி ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். மறுப்பையும் எழுத்தில் அனுப்பி, படியை வைத்துக்கொள்ளுங்கள். தொல்லை தீர ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ‘இப்போதைக்கு இவ்வளவு’ என்று எழுதிக் கையெழுத்திட்டால், இல்லாத கடனுக்கு நீங்களே சாட்சியாகிவிடுவீர்கள்.

கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக அறிக்கை தரக் கடமைப்பட்டவை. அதில் பொய்க்கடன் இருந்தால் திருத்தக் கேளுங்கள். 30 நாட்களில் தீர்வு இல்லையேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி 2023ஆம் ஆண்டில் வகுத்த விதி. வங்கி செவிசாய்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். அவரிடம் முறையிடக் கட்டணம் இல்லை. மிரட்டல் வந்தால் காவல் நிலையம் செல்லுங்கள். நீதிமன்ற அழைப்பாணை வந்தால் மட்டும் வாளாவிருந்துவிடாதீர்கள். போகாவிட்டால் ஒருதலைத் தீர்ப்பாகி, பொய்க்கடனும் மெய்க்கடனாகிவிடும்.

வாங்கிய கடனை மறுக்கும்படி நாம் எவருக்கும் சொல்லவில்லை. பிணைக் கையெழுத்திட்டவருக்கும் பொறுப்பு உண்டு. நாணயம் தமிழனின் அணிகலன். அந்த நாணயத்தையே தூண்டிலாக்கி மீன்பிடிக்க வருகிறவனுக்குத்தான் இடம் தரக்கூடாது என்கிறோம்.

தெருவில் நின்று ஒருவன் கூச்சலிடும்போது அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக்கொள்வதே அவனுக்குக் கிடைக்கும் வெற்றி. கதவைத் திறந்துகொண்டு நான்கு பேர் வெளியே வந்து, "எங்கே பத்திரம்? காட்டு!" என்று கேட்கட்டும். கேட்பவன் வெட்கப்பட வேண்டிய இடத்தில், கேட்கப்பட்டவர் வெட்கப்படும் தலைகீழ் நிலை அன்றே மாறும்.