படைவீரர் வீட்டுக்கு ஆதன வரி வேண்டுமா?



"வீட்டை விட்டுத் தொலைவில் கடமையாற்றும் படையினர் தமது வீட்டுக்கான ஆதன வரியைச் செலுத்த வேண்டுமா? காரணங்காட்டி உமது கருத்தை எழுதுக." இத்தகைய வினா தமிழ் மொழிப் பாடத்தில் கட்டுரைத் தலைப்பாகவும், குடியுரிமைக் கல்வியில் உள்ளூராட்சி பற்றிய பகுதியிலும் வரக்கூடியது. பார்வைக்கு எளிதான வினாதான். நாட்டுக்காக உயிரைப் பணயம் வைப்பவரிடம் வரி கேட்பதா என்று தொடங்கி, வீரம், தியாகம் என்று இரண்டு பக்கங்களை நிரப்பிவிடலாம். பக்கம் நிறையும், விடை வராது. கேட்கப்பட்டது வரியைப் பற்றி. வீரத்தைப் பற்றி அன்று.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லிவிட வேண்டும். புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில் தமிழ் மொழியில் கற்கும் உங்களிற் பலருக்குப் படையினரைப் பற்றி வீட்டிற் கேட்ட கதைகள் பல இருக்கும். சிலருக்கு அயல் வீட்டு அண்ணன் கடற்படையில் இருப்பார். வேறு சிலரின் குடும்பம் போரினால் அலைக்கழிந்ததாக இருக்கும். விருப்போ வெறுப்போ எதுவாயினும், அதைக் கொண்டு வரியைத் தீர்மானிக்க முடியாது. வரி செலுத்தப்பட வேண்டும் என்பதே எமது கருத்து. ஆனால் செலுத்தத் தவறிய வீட்டுக்காரர் கடமையின் நிமித்தம் தொலைவில் இருக்கும்போது, சபை அவரை நடத்தும் முறை வேறாக இருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே இவ்வினாவில் மாணவர் இடறுமிடம்.

முதலில் ஆதன வரி என்பது என்னவென்று பார்ப்போம். அது ஆளின் மீது விதிக்கப்படும் வரியன்று. ஆதனத்தின் மீது விதிக்கப்படுவது. ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டொன்றுக்கு என்ன கிடைக்கும் என்பதை அடிப்படையாகக் கொண்டு அதன் ஆண்டுப் பெறுமதி மதிப்பிடப்படுகின்றது. அப்பெறுமதியின் ஒரு சதவீதமே வரியாகும். 1939ஆம் ஆண்டின் நகர சபைகள் கட்டளைச் சட்டமும், 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டமும், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் இவ்வதிகாரத்தை உள்ளூராட்சி மன்றங்களுக்கு வழங்கியுள்ளன. வீட்டுக்காரர் ஆசிரியரா, மீனவரா, கடற்படை வீரரா என்று இக்கணக்கில் எவரும் கேட்பதில்லை.

ஒரு கணக்கைச் செய்து பாருங்கள். சிலாபத்துக்கு அண்மையில் உள்ள ஒரு வீட்டின் ஆண்டுப் பெறுமதி 6,000 ரூபாய் எனவும், வரி வீதம் 5 சதவீதம் எனவும் கொள்வோம். ஆண்டு வரி 300 ரூபாய். காலாண்டுக்கு 75 ரூபாய். முழுத் தொகையையும் ஜனவரி 31க்கு முன் செலுத்தினால் 10 சதவீதக் கழிவு கிடைக்கும். ஆகவே 270 ரூபாய் போதும். காலாண்டின் முதல் மாதத்துக்குள் அவ்வக் காலாண்டுக்குரியதைச் செலுத்துவோருக்கு 5 சதவீதக் கழிவு உண்டு. இன்றைய விலையில் ஒரு சோற்றுப் பார்சலுக்குப் போதுமோ போதாதோ என்ற அளவான தொகை இது. இதை விட்டுக்கொடுத்துவிட்டு "படைவீரரைக் கௌரவித்தோம்" என்று ஒரு சபை சொன்னால், அக்கௌரவத்தின் பெறுமதி என்ன என்று அந்த வீரரே கேட்க மாட்டாரா?

விலக்கு அளிப்பதாகவே வைத்துக்கொள்வோம். அதன் பயன் யாரைச் சேரும்? இங்கேதான் பலர் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி இருக்கின்றது. பிரதேச சபை எல்லைக்குள் உள்ள எல்லா வீடுகளுக்கும் ஆதன வரி இல்லை. அபிவிருத்தியடைந்த பகுதியெனப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களிலேயே அது அறவிடப்படுகின்றது. வண்ணாத்திவில்லுப் பக்கத்தில் உள்ளொதுங்கிய கிராமம் ஒன்றிலிருந்து படையிற் சேர்ந்த ஏழை இளைஞனின் வீட்டுக்கு இவ்வரி ஒருபோதும் வந்திராமலே இருக்கலாம். அவ்வாறாயின் விலக்கினால் அவனுக்கு ஒரு சதமேனும் மிச்சமில்லை. நகரத்தில் மாடி வீடு கட்டிய உயர் அதிகாரிக்கோ ஆண்டுப் பெறுமதி கூட. ஆகவே வரியும் கூட. விலக்கினால் வரும் இலாபமும் கூட. தியாகத்துக்கு மதிப்பளிப்பதாகத் தொடங்கிய சலுகை, கடைசியில் வீட்டின் பருமனுக்கு மதிப்பளிப்பதாக முடியும்.

வீட்டுக்காரர் தொலைவில் இருக்கின்றார் என்பது சரி. வீடு தொலைவில் இல்லையே. அவரது மனைவியும் பிள்ளைகளும் தாய் தந்தையரும் அங்கேயே வாழ்கின்றார்கள். தெருவிளக்கு எரிய வேண்டும், வடிகான் துப்புரவாக்கப்பட வேண்டும், குப்பை அகற்றப்பட வேண்டும். அவர் வவுனியாவிலோ திருகோணமலையிலோ கடமையில் இருப்பதனால் சபையின் செலவு குறைவதில்லை. சொல்லப்போனால், ஆண் துணையின்றி இருக்கும் குடும்பத்துக்குத் தெருவிளக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே தேவைப்படும்.

"பயன்பெறாதவர் ஏன் செலுத்த வேண்டும்?" என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அதைத் தட்டிக்கழிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைவில் இருப்பதுதான் விலக்குக்குக் காரணமென்றால், எமது கரையோரத்தில் தொலைவில் இருப்பவர் படையினர் மட்டுந்தானா? வென்னப்புவ, மாரவிலப் பக்கங்களிலிருந்து இத்தாலிக்குச் சென்றவர்களின் வீடுகள் எத்தனை! புத்தளம், கற்பிட்டி ஊர்களிலிருந்து மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்ற தாய்மார் எத்தனை பேர்! பருவத்துக்குப் பருவம் கடற்கரை மாறி, வாடி அமைத்துத் தொழில் செய்யும் மீனவக் குடும்பங்களும் உண்டு. இவர்களில் எவரும் உல்லாசத்துக்காக ஊரை விட்டவரல்லர்.

வெளிநாட்டிலிருக்கும் அத்தாயையும் முகாமிலிருக்கும் வீரரையும் ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு தெரியும். படைவீரர் தபால்மூல வாக்கினால் தமது ஊர்ச் சபையைத் தெரிவு செய்யும் உரிமையை இழப்பதில்லை. குவைத்தில் வேலை செய்யும் தாய்க்கு அங்கிருந்தபடி வாக்களிக்க 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலிலும் வழி இருக்கவில்லை. வாக்குள்ளவருக்கு வரி விலக்கு, வாக்களிக்க வழியில்லாதவருக்கு வரி என்றால், அதனை எவ்வாறு நியாயப்படுத்துவது?

தொலைவில் இருப்பது என்ற சொல்லைப் புத்தளத்தில் இருந்துகொண்டு எழுதும்போது 1990ஐ மறக்கவியலாது. அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும் வந்து தங்கினர். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அவர்களுக்கு வீடுகள் இருந்தன, உறுதிகள் கையிலிருந்தன, வீட்டுக்குப் போக வழியிருக்கவில்லை. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட வீடுகளின் சொந்தக்காரர்களும் இதே நிலையில் பல்லாண்டுகள் இருந்தனர். இவர்களது நிலை படைவீரரின் நிலையன்று. கூரையற்ற வீட்டை, உள்ளே செல்லவியலாத வீட்டை, யார் வாடகைக்கு எடுப்பார்? வாடகை பெறமுடியாத வீட்டுக்கு ஆண்டுப் பெறுமதி ஏது? ஆகவே வரி கேட்பதற்கான அடிப்படையே அங்கு இல்லை. படைவீரரின் வீடோ குடும்பம் வாழும் வீடு. இவ்வேறுபாட்டை விளக்கி எழுதும் மாணவர் வினாவின் நடுவைத் தொட்டுவிட்டார்.

இனி, செலவு யாருடையது என்பதைப் பார்ப்போம். நாட்டைப் பாதுகாப்பது முழு நாட்டினதும் காரியம். அதற்கு நன்றி செலுத்துவதும் முழு நாட்டினதும் கடன். அந்நன்றியை ஒரு பிரதேச சபையின் சிறிய பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பது முறையா? நுரைச்சோலையை நினைத்துப் பாருங்கள். 2011இல் முதற் கட்டமும் 2014இல் எஞ்சியவையும் இயங்கத் தொடங்கிய 900 மெகாவாற் அனல் மின்நிலையம் முழு நாட்டுக்கும் ஒளி தருகின்றது. நிலக்கரித் தூசும் சாம்பலும் அயலிலுள்ள தோட்டங்களில் விழுகின்றன. தேசத்தின் காரியத்துக்கு ஓர் ஊர் விலை கொடுப்பது எப்படியிருக்கும் என்று எமது மாவட்டத்துக்கு எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. வரி விலக்கும் அத்தகையதே. அதிகமான இளைஞர்களைப் படைக்கு அனுப்பிய ஊரின் சபைதான் அதிகமான வருமானத்தை இழக்கும். கொடுத்த ஊரே மீண்டும் கொடுக்கின்றது!

பிற நாடுகள் இதனை வெவ்வேறு விதமாகக் கையாண்டுள்ளன. பிரித்தானியாவில் படை விடுதிகளில் வாழ்வோர் உள்ளூர் வரிக்குப் பதிலாக ஒரு தொகையைச் சம்பளத்திலிருந்து செலுத்துகின்றனர். வெளிநாட்டுப் போர்க்களப் பணியில் இருப்போருக்கு வரியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பது பாதுகாப்பு அமைச்சு; ஊர்ச் சபை அன்று. இந்தியாவின் ஆந்திரப் பிரதேசம் 2025 மே மாதத்தில் கிராம பஞ்சாயத்து எல்லைக்குள் உள்ள படையினர் வீடுகளுக்கு வரி விலக்கை அறிவித்தது. மக்கள் உணர்ச்சி பொங்கியிருந்த வேளையில் வந்த அறிவிப்பு அது. பஞ்சாயத்தின் வருமானத்தில் கைவைக்கும் வழி என்பதால் நாம் பின்பற்ற ஏற்றதன்று.

எமக்கு அதிகம் பொருந்துவது ஐக்கிய அமெரிக்காவின் வழி. அங்கு 1940இல் இயற்றப்பட்டு 2003இல் புதுப்பிக்கப்பட்ட ஒரு சட்டம் படையினரின் வீட்டு வரியை நீக்கவில்லை. ஆனால் கடமையிலிருக்கும் ஒருவரின் வீட்டை, வரி நிலுவைக்காக நீதிமன்றக் கட்டளையின்றி விற்க முடியாது. நிலுவைக்கு ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மேல் வட்டி அறவிடவும் முடியாது. வரி நிற்கின்றது, வற்புறுத்தல் தள்ளிப்போகின்றது. இதுதான் நாம் கேட்பதும்.

ஏனெனில் எமது நாட்டில் உண்மையான துன்பம் 300 ரூபாயில் இல்லை. அது செலுத்தப்படாமற் போன பின் வரும் கடதாசியில் இருக்கின்றது. நிலுவை சேர்ந்தால் கைப்பற்றல் ஆணை பிறப்பிக்கவும், வீட்டிலுள்ள அசையும் பொருள்களைக் கைப்பற்றவும் சட்டம் இடந்தருகின்றது. அதற்கான செலவும் நிலுவையோடு சேரும். வீடு கணவரின் பெயரில், அறிவித்தல் கணவரின் பெயருக்கு, கணவர் முகாமில். விடயம் விளங்காத வயோதிபத் தாய் அதை அலமாரிக்குள் வைத்துவிடுகின்றார். அடுத்த முறை சபை ஊழியர்கள் வாசலில் நிற்கும்போது அயலவர் முன்னிலையில் அக்குடும்பம் தலைகுனிகின்றது. தொகை சிறிது, அவமானம் சிறிதன்று.

இதனைத் தீர்க்கப் பெரிய சட்டம் தேவையில்லை. வீட்டுக்காரர் கடமையில் இருப்பதாக அவரது பிரிவின் கட்டளை அதிகாரி தரும் கடிதத்தைச் சபைச் செயலாளர் ஏற்று, அவர் விடுமுறையில் வந்து செல்லும்வரை ஆறு மாதம் கைப்பற்றலை நிறுத்தி வைக்கலாம். விரும்புவோரின் சம்பளத்திலிருந்து மாதம் 25 ரூபாயைக் கழித்துச் சபைக்கு அனுப்பவும் படைத் தலைமையகங்களால் முடியும். மத்திய அரசு கௌரவிக்க விரும்பினால், அதே தொகையைத் தனது நிதியிலிருந்து சபைக்குச் செலுத்தட்டும்.

இந்த ஆறு மாதத் தவணையைப் படையினருக்கு மாத்திரம் என்று எழுதிவிடாதீர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிவு செய்து சென்ற தாயின் வீட்டுக்கும், கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடு வரும் மீனவரின் வீட்டுக்கும் அதே தவணை கிடைக்க வேண்டும். அறிவித்தற் கடதாசியில், வீட்டுக்காரர் ஊரில் இல்லாவிட்டால் யாரிடம் பேச வேண்டும் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வரியில் அச்சிடுவதற்குச் சபைக்கு எந்தச் செலவும் இல்லை.