பத்து வருஷ சர்வர் காயலான் கடைக்கா?

“ரேக் சர்வரா? பத்து வருஷம் ஆச்சா? லினக்ஸ் ஏறாது சார். ஏறினாலும் இழுக்காது. ரெய்டு கார்டு போச்சுன்னா டேட்டாவும் போச்சு. எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க.” சர்வீஸுக்கு ஆளைக் கூப்பிட்டால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடுகிறது. ரெட்டிபாளையம், சிமெண்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் லாரிகளும் உள்ள பக்கம். அங்கே லாரி நடையும் எடைமேடைச் சீட்டும் கணக்கு வைக்கிற ஆபீஸுக்கு டெல் ஆர்710 மாதிரி ஒரு பழைய மெஷினின் வேகம் தாராளம். நம்பி எடைக்குப் போடும் முன் அந்தப் பேச்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

‘ஏறாது’ என்பதில் அரை உண்மை இருக்கிறது. சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்தது. அதன் இடத்தில் ஆர்710-இல் ராக்கி லினக்ஸ் 8 போடப் போனால் இன்ஸ்டாலரில் டிஸ்கே தெரியாது. டிஸ்க்மேல் குற்றமில்லை. 2019-இல் ரெட்ஹாட் தன் 8-ஆம் பதிப்பில் பெர்க் 6ஐ, எச்700 போன்ற ரெய்டு கார்டுகளுக்கான டிரைவர் ஆதரவை எடுத்துவிட்டது. ராக்கி அதை அப்படியே பின்பற்றுகிறது. அது ஒரு கம்பெனியின் முடிவு. லினக்ஸ் கர்னலில் அந்த டிரைவர் இன்னும் இருக்கிறது. டெபியன் 12 போட்டால் டிஸ்க் வந்து நிற்கும். நெட்வொர்க் கார்டின் ஃபர்ம்வேரும் அந்த இன்ஸ்டாலரிலேயே உண்டு. முன்பு போலத் தனி பென்டிரைவில் கொண்டுவர வேண்டாம். ரெட்ஹாட் வழிதான் வேண்டும் என்பவர்களுக்கு இஎல்ரெப்போ தளத்தின் டிரைவர் டிஸ்க் இருக்கிறது. ரெட்ஹாட் 10 மட்டும் நிஜமாகவே ஏறாது: அது கேட்கும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் ஆர்710-இன் பிராசசர்களில் இல்லை.

‘இழுக்காது’ என்பதுதான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது. மெஷின் மந்தமானால் வயதாகிவிட்டது என்கிறார்கள். ரெய்டு கார்டின் பேட்டரியை யாரும் பார்ப்பதில்லை. எழுத வரும் டேட்டாவை எச்700 முதலில் தன் மெமரியில் வாங்கி, ‘எழுதியாச்சு’ என்று சொல்லிவிட்டு, பிறகு சாவகாசமாக டிஸ்கில் இறக்கும். கரண்ட் போனால் அந்த மெமரியைக் காப்பது பேட்டரி. பேட்டரி செத்தால் கார்டு உஷாராகி ரைட் பேக்கிலிருந்து ரைட் த்ரூவுக்கு மாறிவிடும்; ஒவ்வொரு எழுத்தும் டிஸ்கைத் தொட்டுத் திரும்பும் வரை புரோகிராம் காத்துக் கிடக்கும். மெகாசிஎல்ஐ என்ற கருவியைப் போட்டு பேட்டரி நிலையையும் ரைட் பாலிசியையும் பார்த்தால் சில நிமிடங்களில் விஷயம் தெரிந்துவிடும். மாற்ற வேண்டியது சின்னப் பேட்டரிதான். சிலர் பேட்டரி இல்லாமலே ரைட் பேக்கைக் கட்டாயமாக இயக்கி ‘வேகமாக்கிட்டேன்’ என்பார்கள். கரண்ட் போகிற ஊரில் அது டேட்டாவோடு சூதாட்டம்.

கார்டு போனால் டேட்டா போகுமா? ரெய்டு அமைப்பின் விவரம் கார்டில் மட்டுமல்ல, டிஸ்குகளிலும் எழுதப்பட்டிருக்கிறது. இன்னொரு எச்700 போட்டால், பூட் ஆகும்போது ‘ஃபாரின் கான்ஃபிகரேஷன்’ என்று கேட்கும். பயந்துபோய் ‘கிளியர்’ அழுத்துகிறவர்கள்தான் அமைப்பை இழக்கிறார்கள். அழுத்த வேண்டியது ‘இம்போர்ட்’. அதற்காக, ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று இருந்துவிட முடியாது. தவறி அழித்த ஃபைலை ரெய்டு 1 இரண்டு டிஸ்கிலும் சேர்த்தே அழிக்கும்.

பழைய சர்வருக்கு எதிரான நிஜமான வாதம் ஒன்று உண்டு. அதைச் சொல்பவர்கள்தான் குறைவு. 150 வாட் இழுக்கும் மெஷின் ஓயாமல் ஓடினால் இரண்டு மாத ஈபி பில்லில் 216 யூனிட் ஏறும், ஏசி தனி. மாலையில் பூட்டுகிற ஆபீஸ் என்றால் ஷட்டவுன் செய்துவிட்டுப் போகலாம். ராத்திரியும் லாரி வரும் எடைமேடைக்கு அது ஆகாது. அங்கே இரண்டு எஸ்எஸ்டி போட்ட சின்னப் புது மெஷின்தான் லாபம்.