அம்பாசடர் பிரேக்கும் ரப்பர் கிட் சிக்கனமும்

பழைய அம்பாசடர் வச்சிருக்கிறவங்க பெயின்ட், க்ரில், சீட் கவர்னு ஒரு மணி நேரம் சளைக்காம பேசுவாங்க. "மாஸ்டர் சிலிண்டரை கடைசியா எப்ப பிரிச்சுப் பார்த்தீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. "நேத்து வரைக்கும் பிரேக் நல்லாத்தானே பிடிச்சுது"ன்னு பதில் வரும்.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். ரப்பர் கிட் மட்டும் போடுறதா, முழு சிலிண்டரையும் மாத்துறதான்னு முடிவு பண்ண வேண்டியது நம்ம பர்ஸ் இல்லை. அந்த சிலிண்டரோட உள்சுவர்.

பெடலை மிதிச்சா சிலிண்டருக்குள்ள பிஸ்டன் நகரும். அதுக்கு முன்னாடி இருக்கிற ரப்பர் கப், பிரேக் ஆயிலை சக்கரங்களுக்குத் தள்ளும். பழைய அம்பாசடர்ல நாலு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட். கப் போச்சுன்னா நாலும் போச்சு, மிச்சம் ஹேண்ட் பிரேக் மட்டும்தான். இதுக்காகத்தான் அமெரிக்காவில் 1968லேயே புது கார்களுக்கு ரெண்டு தனித்தனி சர்க்யூட் வேணும்னு விதி கொண்டு வந்தாங்க.

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறினா அந்த வரம்பு 140க்கு இறங்கிடும். அதே ஈரம் வார்ப்பிரும்புச் சுவரைத் துருப்பிடிக்க வச்சு, சின்னச் சின்னக் குழியா அரிக்கும். ஷெட்டுல மாசக்கணக்கா நிக்கிற வண்டிக்கு இந்த ஆபத்து அதிகம். பெடலை அழுத்திப் பிடிச்சா மெல்ல கீழே இறங்குது, ஆனா வெளியே எங்கேயும் கசிவு இல்லைன்னா, முதல் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டர் மேலதான்.

"கிட் போட்டா போதும் தம்பி"ன்னு சொல்ற மெக்கானிக் பக்கமும் நியாயம் இருக்கு. உத்தரபாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014 மே மாசமே நின்னுடுச்சு. கடையில கிடைக்கிற "புதுசு" டூப்ளிகேட்டா இருக்கலாம், இல்லை ரப்பர் இறுகிப்போன பழைய ஸ்டாக்கா இருக்கலாம். அதனால உள்சுவர் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்தா, நல்ல கம்பெனி கிட் தாராளமா போடலாம். குழி விழுந்திருந்தா கதை வேற. உப்புத்தாள் வச்சுத் தேய்க்கத் தேய்க்க துளை பெருசாகும், கப் சரியா அடைக்காது. அப்ப வழி ரெண்டுதான்: நம்பகமான புது சிலிண்டர், இல்லைன்னா தெரிஞ்ச ஆள்கிட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ்.

"ஒரிஜினாலிட்டி போயிடுமே"ன்னு சிலர் வருத்தப்படுவாங்க. 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்காக 2021ல மத்திய அரசு கொண்டு வந்த விண்டேஜ் விதியில, பெரிய மாற்றம்னு குறிப்பிட்டிருக்கிறது சேசிஸ், பாடி, இன்ஜின் மூணையும்தான். மாஸ்டர் சிலிண்டர் பேர் அதுல இல்லை.

ரிப்பேரா, ரீப்ளேஸ்மென்டான்னு எங்க காமர்ஸ் வகுப்புல கணக்குப் போடுவோம். ரெண்டு செலவையும் எழுதி, குறைவானதை எடுக்கணும். ஆனா பெண்ணாடத்துலேர்ந்து விருத்தாசலம் போற வழியில, பாதி ரோட்டுல நெல் காயுது, எதிர்ல பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் போகுதுன்னு வைங்க. அந்த நேரத்துல பெடல் தரையைத் தொட்டா ஆகிற செலவை எந்தப் பேரேட்டில் எழுதுறது? கல்யாணத்துக்கு அலங்காரம் பண்ணி, மாப்பிள்ளை பொண்ணை ஏத்திக்கிட்டுப் போறதும் இதே வண்டிதானே!

அடுத்த தடவை ஒர்க்‌ஷாப் போனா, கிட் விலையைக் கேட்கிறதுக்கு முன்னாடி சிலிண்டரைப் பிரிக்கச் சொல்லுங்க. பெட்ரோல், மண்ணெண்ணெய்ல கழுவ விடாதீங்க, ரப்பர் ஊதிடும். புது பிரேக் ஆயில்லயே கழுவி, டார்ச் அடிச்சு உள்ளே பாருங்க. குழி தெரிஞ்சா அப்புறம் பேரமே வேண்டாம்.